முதலில் சுரண்டுங்கள், பசை அப்புறம்

அப்பாவின் சட்டைத் தோளில் மஞ்சளாக ஏதோ தூள் படிந்திருக்கிறது என்று முதலில் கவனித்தது அம்மாதான். கடலைமாவு சலிக்கிற இடத்தில் போய் நின்றுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையிலும் அதே தூள். "மரத்தடியில வண்டிய நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, பூவெல்லாம் தலையில கொட்டியிருக்கு பாருங்க" என்றாள். "நம்ம தெருவுல எங்க மரம் இருக்கு, நீயே சொல்லு" என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மைதான். பெரம்பூரில் நாங்கள் இருக்கும் தெருவில் இருந்த இரண்டு வேப்ப மரங்களையும் வெட்டி நாலைந்து வருஷம் ஆகிறது. அப்பாவின் கார் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணி வரை நேர் வெயிலில்தான் நிற்கும். அன்று சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, கூரையின் உள்பக்கத் துணி மழைத்தண்ணீர் தேங்கிய பந்தல் மாதிரி வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டுப் பக்கம் இன்னும் மோசம். அங்கே துணி இறங்கிப் பின்கண்ணாடியில் கால்வாசியை மறைத்திருந்தது. ஒரு விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன், துணிக்கும் கூரைக்கும் நடுவில் ஏதோ நறநறவென்று நொறுங்கியது, லைட் பொருத்தியிருந்த ஓட்டை வழியாக ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் என் மணிக்கட்டில் விழுந்தது.

அப்பா நல்ல உயரம். இரண்டு மாதமாகக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே ஓட்டியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், அதுக்குப் போய் உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றார். 2007ல், வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், சேமிப்பைப் போட்டு வாங்கிய வண்டி அது. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர் எல்லாம் இன்று வரை அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எஞ்சினில் ஒரு குறை கிடையாது. அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டியில் அவர் தலை குனிந்து உட்காருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கூரைத் துணி தொங்கினால் நம்மில் பெரும்பாலோர் செய்வதையே நானும் முதலில் செய்தேன். பக்கத்துக் கடையில் குண்டூசி வாங்கி வந்து குத்தினேன். ஒரு வாரத்தில் ஊசிகள் ஒவ்வொன்றாக சீட்டில் விழுந்தன. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போடும் சிரிஞ்சில் பசையை ஏற்றித் துணிக்குள் செலுத்தி, உள்ளங்கையால் அழுத்திப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ஒட்டிய மாதிரிதான் இருந்தது. மறுநாள் மதியம் வெயில் ஏறியதும் துணி மறுபடி இறங்கிவிட்டது, கூடவே துணியின் முகத்தில் ரூபாய் நாணயம் அளவில் ஏழெட்டுக் கறைகள். அந்தக் கறைகள் போகவே இல்லை. இந்த இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அயனாவரத்தில் ஒரு முட்டுச்சந்தில் குஷன் ஒர்க்ஸ் வைத்திருக்கும் பாய்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. ஜீப் ஹூட் தைப்பது, ஆட்டோவுக்கு ரெக்சின் டாப் போடுவது, பஸ் சீட், ஆஸ்பத்திரிக் கட்டில் மெத்தை, எல்லாம் செய்வார். நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, சீட்டில் கிடந்த தூளை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"துணி நல்லாத்தான் இருக்கு தம்பி. பசையும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருக்கிற ஸ்பாஞ்சு செத்துப்போச்சு."

முழு விஷயமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. காரின் கூரைத் துணி என்று நாம் பார்ப்பது வெறும் துணி இல்லை. மெல்லிய பின்னல் துணி, அதன் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரிதேன் ஃபோம், இரண்டும் தொழிற்சாலையிலேயே சேர்ந்து வரும். அந்த ஃபோமின் முதுகைத்தான் கூரை வடிவத்துக்கு வார்த்த ஓர் அட்டையில் ஒட்டுகிறார்கள், அந்த அட்டைதான் இரும்புக் கூரைக்கு அடியில் கிளிப்பிலும் திருகாணியிலும் நிற்கிறது. மேலே அட்டை, அதன் கீழே பசை, அதன் கீழே ஃபோம், கடைசியில் துணி. தொங்கும்போது பசை விட்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பசை அட்டையை விடவே இல்லை. ஃபோம் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அட்டையோடும் மறு பாதி துணியோடும் போய்விடுகிறது.

பாலியூரிதேனை 1937ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். மெத்தை, சோபா, செருப்பு, கார் சீட் என்று அது நுழையாத இடம் இல்லை. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. அதில் ஒரு வகை காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல அறுபடும், இன்னொரு வகை பிராணவாயுவாலும் வெளிச்சத்தாலும் அறுபடும், இரண்டுக்குமே சூடு வேகத்தைக் கூட்டும். அலமாரியில் அஞ்சாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், மண்டபப் படியேறும்போது அடிப்பகுதி கேக் மாதிரி உதிர்ந்துவிடும் இல்லையா, அதுவும் இதேதான். பழைய வாக்மேன் ஹெட்போனின் பஞ்சு தொட்டால் பிசுபிசுத்துப் பொடியாவதும் இதேதான். சென்னையில் கடற்காற்றின் ஈரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் எவ்வளவு சூடாகும் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அளந்து 2005ல் வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸிலிருந்து 36 வரை இருந்த நாட்களில், ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே சராசரியாக இன்னும் 22 டிகிரி கூடியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே. கத்திரி வெயில் நாளில் நம் தெருவில் நிற்கும் காருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் சுடும் இரும்புக் கூரைக்கும் இந்த ஃபோமுக்கும் நடுவில் இருப்பது அந்த அட்டை மட்டும்தான். பதினாறு வருஷம் தாங்கியதே பெரிய விஷயம்.

இது புரிந்தால் குண்டூசியும் சிரிஞ்சும் ஏன் வேலைக்கு ஆகாது என்று தானாகவே புரிந்துவிடும். நாம் செலுத்துகிற பசை ஒட்டிக்கொள்வது தூளில். தூள் வேறு எதிலும் ஒட்டியிருக்கவில்லை. திருநீறு கொட்டிய தரையில் செல்லோடேப் ஒட்டுகிற மாதிரிதான்.

சரி, என்ன செலவாகும் என்று பாயிடம் கேட்டேன். சொன்னார், நியாயமான தொகைதான். ஆனால் கையில் அவசர வேலை நிறைய இருந்ததால் மூன்று வாரம் ஆகும் என்றார். நான் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்ல சும்மாதான இருப்பீங்க, அட்டையைக் கழட்டிச் சுரண்டி எடுத்துட்டு வாங்க, ஒட்டுறதுக்கு நான் கூட நிக்கிறேன். சுரண்டுறதுதான் வேலை, ஒட்டுறது அரை மணி நேரம்" என்றார். இவ்வளவு பெரிய மனசோடு தொழிலைக் கற்றுத்தர முன்வரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம், அப்பாவும் நானும். முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றினோம். சன் வைசர் இரண்டு, கைப்பிடி மூன்று, நடு லைட், சட்டை மாட்டும் கொக்கி, எல்லாவற்றையும் கழற்றி, எந்தத் திருகாணி எதனுடையது என்று எழுதித் தனித்தனி டம்ளரில் போட்டுவைத்தது அப்பா. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மேல்பக்கம் மட்டும் உருவினால் அட்டையின் ஓரம் தெரியும். அப்புறம் கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள தூண் கவர்கள். இவை கிளிப்பில் நிற்கின்றன, பழசாகிப்போன பிளாஸ்டிக் என்பதால் வெயில் ஏறிக் கொஞ்சம் இளகிய பிறகு இழுத்தால் உடையாது. எங்கள் வண்டியில் பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது. உங்கள் வண்டியில் கூரை ஓரமாக ஓடும் ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தை நீங்களே கழற்ற வேண்டாம், தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

எல்லாம் கழன்றதும் அட்டை அப்படியே சீட்டுகளின் தலைப்பகுதி மேல் வந்து உட்காரும். ஹாட்ச்பேக்காக இருந்தால் டிக்கி வழியே நேராக இழுத்துவிடலாம். எங்களுடையது செடான், முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, இடது முன்கதவு வழியாகக் குறுக்காகச் சாய்த்து மெல்ல எடுக்க வேண்டியிருந்தது. அட்டையை மடக்கக் கூடாது. நடுவில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அந்தக் கோடு புதுத் துணியிலும் ஆயுசுக்கும் தெரியும். அப்பா உள்ளே இருந்து பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் வெளியே இருந்து வாங்கினேன். குழந்தையைக் கைமாற்றுவது போலத்தான் வாங்கினோம்.

மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் அட்டையை மல்லாக்கப் போட்டோம். தொங்கிய துணியை ஓரத்தில் பிடித்து இழுத்ததும் போர்வையை உருவுவது மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிட்டது, அவ்வளவுதான் அதன் பிடிப்பு. கீழே அட்டை முழுக்கக் காவி கலந்த மஞ்சளில் செத்த ஃபோம், சில இடத்தில் பொடியாக, சில இடத்தில் வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுப்பாக.

இங்கேதான் நேரம் போகிறது. இங்கே எவ்வளவு பொறுமையாக இருக்கிறோமோ அத்தனை வருஷம் புதுத் துணி நிற்கும். வயர் பிரஷ் எடுக்காதீர்கள், அட்டையின் மேல்தோல் கிழிந்துவிடும். துணி துவைக்கும் நைலான் பிரஷ் போதும். ஒரே திசையில், அழுத்தாமல், பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்கிற அளவு அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். பொடியான இடங்கள் சுலபமாகப் பறந்துவிடும். பிசுபிசுப்பான இடத்தில் பிரஷ் மேலேயே உருண்டை உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும், நிறுத்தி, பிரஷ்ஷைச் சுத்தம் பண்ணி, மறுபடி தேய்க்க வேண்டும். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் அவசியம். சில அட்டைகளில் கண்ணாடி இழை கலந்திருக்கும், கையில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

ஒன்பது மணிக்கு நான் போதும் என்றேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அப்பா தன் உள்ளங்கையை அட்டையில் வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். ரேகை முழுக்க மஞ்சள். "இன்னும் இருக்குடா" என்றார். மறுபடி தேய்த்தோம். பத்தரைக்கு மறுபடி கை வைத்தார், விரல்நுனிகளில் மட்டும் கொஞ்சம். பதினோரு மணிக்கு மேல் வேக்யூம் போட்டு இழுத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்துக் காயவிட்ட பிறகு அவர் கை சுத்தமாக வந்தது. இந்த உள்ளங்கைச் சோதனையை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

துணி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். கடையில் ஃபோம் இல்லாத மெல்லிய துணியும் காட்டினார்கள், விலை பாதிதான். ஃபோம்தானே கெட்டுப்போகிறது, அது இல்லாமலே போட்டுவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பாயிடம் போனில் கேட்டேன். "வேணாம் தம்பி, அட்டையில இருக்கிற ஒவ்வொரு சொட்டையும் வெளிய தெரியும், பசையும் ஊறி முன்னாடி வந்துடும். ஸ்பாஞ்சோடயே வாங்குங்க. ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, இழுபடணும்" என்றார். ஃபோம் ஒட்டிய, எல்லாப் பக்கமும் கொஞ்சம் நெகிழும் துணியாகப் பார்த்து இரண்டரை மீட்டர் வாங்கினேன். பழைய துணியைவிடக் கொஞ்சம் வெளிறிய சாம்பல் நிறம். தூண் கவர்களின் நிறத்தோடு சேர்கிறதா என்று ஒரு கவரைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று, கடை லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வெளிச்சத்தில் வேறு வேறாக இருந்தன.

அட்டையைக் குட்டியானை பிடித்துப் பாயின் கடைக்குக் கொண்டுபோனபோது அங்கே வேறு ஒரு வண்டி நின்றது. மேல்கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடுகிற வெளிநாட்டு கன்வர்ட்டிபிள். அதிலும் உள் லைனிங் தொங்கித்தான் வந்திருந்தது. என் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயும் ஆசையாக விளக்கினார்.

நம் ஜீப் ஹூட்டுக்கு உள் லைனிங் கிடையாது, வெறும் ஒற்றைத் துணி, வளைந்த கம்பிகள் மேல் இழுத்துக் கட்டியது. இந்த வண்டியிலோ வெளியே ஒரு துணி. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதுவே மூன்று அடுக்கு, மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் தண்ணீர் புகாத ரப்பர், கீழே இன்னொரு நெசவு. அதற்கும் கீழே கம்பிகளையெல்லாம் மறைக்கிற மாதிரி உள் லைனிங். சாதாரணக் காரில் இருப்பது போல முழு அட்டை இங்கே இருக்க முடியாது, மடங்க வேண்டுமே. அதனால் லைனிங்கின் முதுகில் குறுக்கே பட்டை பட்டையாகத் தைத்து, அந்தப் பட்டைகளைக் குறுக்குக் கம்பிகளில் கோத்தோ பிடித்தோ விடுகிறார்கள். ஓரங்களில் எலாஸ்டிக் அல்லது மெல்லிய கம்பிவடம் ஓடும். கூரை மடங்கும்போது லைனிங்கை உள்பக்கம் இழுத்துக்கொள்வது அந்த எலாஸ்டிக்கின் வேலை. அது தளர்ந்துவிட்டால் துணி தொங்கும். தொங்கிய துணி மடங்கும்போது கம்பிகளின் மூட்டில் போய் மாட்டும், மாட்டினால் கிழியும்.

அந்த வண்டியில் எலாஸ்டிக்கும் போயிருந்தது. முன்பக்கம், கண்ணாடிக்கு மேலே ஒரு கெட்டியான பலகைப் பகுதியில் ஒட்டியிருந்த இடத்தில் ஃபோமும் செத்திருந்தது. மடிப்பு விழுகிற கோடுகளில்தான் அது முதலில் பொடியாகியிருந்தது, அந்த இடங்களைப் பாய் வரிசையாக விரலால் காட்டினார். வண்டிக்காரர் தானே ஸ்ப்ரே பசை வாங்கி உள்ளே அடித்திருக்கிறார். நிறையவே அடித்திருக்கிறார். அது காய்ந்து தகடாகிவிட்டது. சாதாரணக் கூரையில் பசை தகடானால் பரவாயில்லை. இங்கே மடக்கும்போதெல்லாம் தகடு முறியும், முறிந்த விளிம்பு துணியை அறுக்கும்.

பாய் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. கூரையின் முன்பூட்டை விடுவித்து, ஒரு சாண் மேலே தூக்கி, நடுவில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார், இழுவிசை தளர்ந்து துணி தானாகக் கையில் வர வேண்டும் என்று. செத்த ஃபோமை அந்தப் பலகைப் பகுதியிலிருந்து மட்டும் சுரண்டினார். கம்பிகளுக்கு இடையே தொங்கும் பகுதிக்குப் பசையே போடவில்லை. புது எலாஸ்டிக்கைப் பழையதன் அளவுக்கு ஒரு விரல் குறைவாக வெட்டிக் கையாலேயே தைத்தார். தைத்து முடித்ததும் கூரையை மூடிப் பூட்டி, உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, எங்கே சுருக்கம் விழுகிறது என்று சாக்பீஸால் குறித்து, மறுபடி தளர்த்தி, குறித்த இடத்தில் பட்டையை அரை இன்ச் நகர்த்தினார். இப்படி நாலு முறை. வண்டிக்காரரிடம் இரண்டு நாள் கூரையை மடக்கவே கூடாது, ஈரத்தோடு எப்போதும் மடக்கி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"உங்களுது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல தம்பி" என்று சிரித்துக்கொண்டே என் அட்டையை மேஜையில் ஏற்றினார். ஏற்றியதும் அவரும் அப்பா மாதிரியே உள்ளங்கையை வைத்து எடுத்துப் பார்த்தார். அப்பா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

பசை ஃபெவிகால் எஸ்.ஆர். வகை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை இல்லை, ரப்பர் வாசனையும் தின்னர் வாசனையும் அடிக்கும் மஞ்சள் பசை. கடையில் எஸ்.ஆர். என்று கேட்டாலே தருவார்கள். எளிதில் தீப்பிடிக்கும், வாடை தலையைச் சுற்ற வைக்கும், அதனால் திறந்த வெளியில்தான் வேலை. இதை இரண்டு பக்கமும் தடவ வேண்டும், அட்டையிலும் ஃபோமின் முதுகிலும், இரண்டிலும் மெல்லிசாக. தடவியதும் ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, புறங்கையால் தொட்டால் கையில் ஒட்டாத நிலை வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் ஒன்றோடொன்று பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் முழுத் துணியையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. துணியை அட்டை மேல் விரித்துச் சரிபார்த்து, முன்பாதியை மடித்துப் பின்பாதி மேல் போட்டுவிட்டு, முன்பாதிக்கு மட்டும் பசை தடவி, காயவிட்டு, நடுக்கோட்டிலிருந்து ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அப்புறம் மறுபாதி.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்ய இருந்தேன், பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். சன் வைசர் உட்காரும் இடத்தில் அட்டையில் ஒரு குழி இருக்கும். சுருக்கம் விழக் கூடாது என்று நான் துணியை இழுத்துப் பிடித்தேன், துணி குழியின் மேல் முரசுத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இழுக்காதீங்க. இன்னிக்கு ஒட்டிக்கும், மே மாசம் அங்கதான் முதல்ல பிரியும்" என்றார். துணியைத் தளர்த்தி, முதலில் குழியின் அடியில் விரல்நுனியால் உட்கார வைத்து, அங்கிருந்து சரிவில் ஏற்றி, அப்புறம்தான் மேட்டுக்கு வர வேண்டும். இட்லித் தட்டில் ஈரத்துணியைப் படிய வைப்போமே, அதே கைப்பழக்கம்தான். குழிகளில் துணிக்கு எப்போதும் தாராளமாக இடம் கொடுங்கள். ஒட்டிய துணி மறுபடி பிரிவது பெரும்பாலும் இப்படி இழுத்து ஒட்டிய குழிகளில்தான், முப்பது வருஷத்தில் தான் பார்த்தது இது என்றார்.

ஓரங்களில் இரண்டு விரல் அகலம் துணியை விட்டு வெட்டி, அட்டையின் முதுகுக்கு மடித்து இரண்டு பூச்சு பசை போட்டோம். லைட்டின் ஓட்டையை வட்டமாக வெட்டாமல் பெருக்கல் குறி மாதிரிக் கீறி, நாலு முக்கோணங்களையும் பின்னால் மடித்தோம். அன்று இரவு அட்டை பாயின் கடையிலேயே இருந்தது. ஒரு முழு நாள் நிழலில் கிடக்க வேண்டும், அதற்குள் வெயிலில் வைத்தால் பசைக்குள் மிச்சமிருக்கும் தின்னர் ஆவியாகிக் கொப்புளம் கட்டும். துணி, பசை, குட்டியானை வாடகை எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. பாய் கூலி வாங்க மறுத்தார். அப்பா அவர் சட்டைப்பையில் வலுக்கட்டாயமாக வைத்துவிட்டு வந்தார்.

திரும்பப் பொருத்தியது ஒரு மணி நேர வேலை. டம்ளர்களில் இருந்த திருகாணிகள் எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. தூண் கவரில் இரண்டு கிளிப் உடைந்திருந்தது, புதுப்பேட்டையில் தேடி அதே அளவில் வாங்கினேன்.

இரண்டு கத்திரி வெயில் போய்விட்டது. ஒவ்வொரு மே மாதமும் மதியம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து, கை சுடச் சுட அந்த சன் வைசர் குழியைத் தொட்டுப் பார்ப்பேன். துணி அப்படியே இருக்கிறது. பின்பக்க ஓரத்தில் மட்டும், நான் தனியாக ஒட்டிய ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு உப்பல் எழுந்திருக்கிறது. அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும், பசை காய்வதற்குள் அவசரப்பட்டு வைத்த இடம். பீடிங்கை உருவி அந்த ஓரத்தை மட்டும் மறுபடி ஒட்டினால் போதும், அடுத்த ஞாயிறு செய்யலாம் என்றிருக்கிறேன். மிச்சத் துணி அரை மீட்டர் பரணில் இருக்கிறது. அப்பாவின் நோட்டில் அந்த வாரத்துக் கணக்கில், பெட்ரோலுக்குக் கீழே, "ரூஃப் துணி புதுசு, ஸ்பாஞ்சு 3 மி.மீ., எஸ்.ஆர்." என்று எழுதி, கிலோமீட்டரையும் குறித்து வைத்திருக்கிறார்.